கதவோரக் கல்லுக்கு ஞாபக மறதி

அந்தக் கல்லை நான் உடைக்கவில்லை. கீழேதான் போட்டேன். உடைந்தது அதன் சொந்த முடிவு.

போலீஸ் கேட்டிருந்தால் இப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருப்பேன். கேட்டது சித்தி. சித்தியிடம் இதெல்லாம் எடுபடாது. நான் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து உடைத்த சாமான்களின் வரலாறு முழுவதும் சித்திக்கு மனப்பாடம். அம்மாவின் தங்கை என்பதால் வரலாறு தெரியும். துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி என்பதால் அதைச் சொல்லிக்காட்டும் உரிமையும் உண்டு.

நடந்தது இதுதான். துப்பறிவாளரின் உதவியாளன் என்றால் எதன்மேலாவது சாய்ந்துதான் நிற்கவேண்டும் என்பது என் கொள்கை. கையைக் கட்டிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, பார்வையைக் கொஞ்சம் தூரத்தில் வைத்து. கற்களை ஆராயும் அந்தக் கூடத்துக்குள் நான் நுழைந்ததும் இடுப்பு உயரத்தில் வசதியாக ஒரு மேஜை தெரிந்தது. சாய்ந்தேன். அது மேஜை அல்ல, தள்ளுவண்டி. சக்கரத்துக்கு வேளாவேளைக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. வண்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், வண்டியிலிருந்த இரண்டு கருங்கல் பலகைகள் நேராகக் கீழே போயின.

முதல் கல் விழுந்ததில் தரை ஓடு இரண்டாகப் பிளந்தது. கல்லுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. இரண்டாவது கல் விழுந்ததில் தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்தான் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்துபோனது.

"ஐயோ! என் கடைசிக் கல்லு!" என்று அலறினாள் எங்களை வரவழைத்த ஆராய்ச்சி மாணவி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் வெக்கையிலும் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மனசுக்குள் அவளுக்கு ஸ்வெட்டர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

நான் தரையோடு தரையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, சித்தி முட்டிபோட்டு உட்கார்ந்து துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டேய், ரொம்ப நாளைக்கப்புறம் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கே."

"சித்தி, கிண்டல்தானே?"

"ஆபீஸ் நேரத்துல மேடம்னு கூப்பிடு."

"மேடம், கிண்டல்தானே?"

"அப்புறம் சொல்றேன்."

சித்தியின் எல்லாப் பதில்களும் அப்புறத்தில்தான் இருக்கின்றன. அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை.

ஸ்வெட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். நாளைக் காலை வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள். அவள் இத்தனை வருஷமாகச் செய்த ஆராய்ச்சியை அவர்கள் முன்னால் வைக்க வேண்டும். ஆனால் இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டரோ, அவள் கொண்டுவந்த கடைசிக் கல் போலி என்கிறார். ஒரு கல் போலி என்றால் மற்றக் கற்களையும் யார் நம்புவார்கள்? பட்டம் போகும், பெயர் போகும், இனி எந்த ஆராய்ச்சிக்கூடமும் வாசலில்கூட நிற்கவிடாது.

"மறுபடி போய் அதே இடத்துல இன்னொரு கல்லு எடுத்துட்டு வந்துடலாமே?" என்றேன்.

"அந்த இடம் இப்ப அணைத் தண்ணிக்குள்ள இருக்கு."

எனக்கு இன்னொரு முறை கீழே விழலாம் போலிருந்தது.

"சரிங்க, ஆரம்பத்துலேர்ந்து வருவோம்," என்று குறிப்பெடுப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். "இந்தக் கல்லுக்கு என்ன வயசு?"

"எந்த வயசைக் கேட்கறீங்க?"

"கல்லோட வயசைத்தான்."

"உருகிக் கிடந்தது இறுகிக் கல்லானதுக்கு ஒரு வயசு. அடியிலேர்ந்து மேல ஏறி வந்ததுக்கு ஒரு வயசு. குளிர்ந்ததுக்கு ஒரு வயசு. அதுலயும் எந்தக் கனிமத்தைக் கேட்கறோம்கறதைப் பொறுத்து..."

"எங்க பெரியம்மாகிட்ட வயசு கேட்டாலே இதைவிடச் சீக்கிரம் பதில் வந்துடும்."

ஸ்வெட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவளைச் சிரிக்கவைத்த பெருமையில் நான் நிமிர்வதற்குள், முதலுதவி அலமாரியிலிருந்து ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து வந்து, "இந்தப் பெஞ்சு மேல படுங்க" என்றாள்.

சித்தி கண்ணாலேயே 'படு' என்றார். படுத்தேன். தலையிலிருந்து கால்வரை போர்த்தினாள்.

"இப்ப நீங்கதான் கருங்கல்."

"வீட்டுல தலையை மட்டும்தான் அப்படிச் சொல்வாங்க."

"போர்வைதான் பூமியோட மேல் ஓடு. அதுக்கு அடியில நீங்க சூடா படுத்திருக்கீங்க. காலப்போக்குல அந்த ஓடு ரெண்டு பக்கமும் இழுபட்டு மெலிஞ்சு, ஒரு இடத்துல கிழிஞ்சு, சாய்வா சரிய ஆரம்பிக்குது." போர்வையைத் தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கமாக மெல்ல இழுத்தாள். "மேல இருக்கற பாரம் விலக விலக, நீங்க எழும்பி மேல வர்றீங்க."

"எழும்பட்டுமா?"

"படுங்க! முதல்ல உங்களுக்கு எங்கே சில்லுனு ஆச்சு?"

"மூஞ்சியில."

"கடைசியா?"

"கால் கட்டைவிரல்ல. இன்னும் கொஞ்சம் போர்வைக்குள்ளதான் இருக்கு."

"என் ஆராய்ச்சி அவ்வளவுதான்," என்றாள்.

எனக்கே புரிந்துவிட்டது என்றால் உங்களுக்குப் புரியாமலிருக்காது. மலையின் தலைப்பக்கத்திலிருந்து அந்தக் கிழிசல் இருக்கும் கால்பக்கம்வரை ஒரே கோட்டில் நடந்து அவள் கற்களை எடுத்து வந்திருக்கிறாள். தலைப்பக்கக் கல் முதலில் குளிர்ந்ததால் அதற்கு வயது அதிகம். கால்பக்கம் போகப்போக வயது குறையும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், பூமி எந்த வேகத்தில் போர்வையை உருவியது என்று சொல்லிவிடலாம்.

"குளிர்ந்த கதையைக் கல்லு எப்படிம்மா சொல்லும்?" சித்தி கேட்டார்.

"உள்ளே அப்படைட்னு குட்டிக் குட்டிப் படிகம் இருக்கும் மேடம். அதுல துளி யுரேனியம். எப்பவாவது அதுல ஒரு அணு பிளந்து சிதறும். படிகத்துல ஒரு கீறல் விழும். கல் சூடா இருக்கற வரைக்கும் கீறல் தன்னால ஆறிடும். குளிர்ந்ததுக்கப்புறம் ஆறாது, அப்படியே தங்கிடும். கீறலை எண்ணினா, குளிர்ந்து எத்தனை காலமாச்சுன்னு தெரிஞ்சிடும்."

"ஆக, சூடா இருந்தா எதையும் மனசுல வெச்சுக்காது, ஆறினப்புறம்தான் வெச்சுக்கும்," என்றேன். "எங்க மேடத்துக்கு நேர் எதிர்."

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் என் கீறல்கள் எல்லாம் ஆறிவிட்டன.

"மத்தக் கல்லெல்லாம் வரிசையா ஒழுங்கா வந்துடுச்சு," என்றாள் ஸ்வெட்டர். "கடைசிக் கல்லுலதான் ஒரு கீறல்கூட இல்லை. நேத்து வரைக்கும் பூமியோட வயித்துக்குள்ள கொதிச்சுக்கிட்டிருந்த மாதிரி. எங்கேயோ எரிமலைப் பக்கம் பொறுக்கின கல்லைக் கொண்டாந்து வெச்சுட்டேன்னு டைரக்டர் சொல்றார்."

"அப்படைட் ஒண்ணுதான் சாட்சியா?" என்றார் சித்தி.

"இல்லை மேடம். ஜிர்கான்னு இன்னொண்ணு இருக்கு. அது பிடிவாதம். அதோட கீறல் ஆறணும்னா இதைவிட ரொம்ப ரொம்பச் சூடு வேணும். இந்தக் கல்லுல ஜிர்கான் கீறல் அப்படியே இருக்கு. வரிசையிலயும் கச்சிதமா உட்காருது."

சித்தி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்ப கல்லு அந்த மலைக் கல்லுதான். இங்க வந்ததுக்கப்புறம் யாரோ சூடாக்கியிருக்காங்க. ஒரு சாட்சி பயந்து எல்லாத்தையும் மறந்துட்டான். இன்னொருத்தன் அசையலை. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற சூடு எதுவோ, அதுதான் நம்ம ஆளு."

"காட்டுத் தீயா இருக்கக் கூடாதா?" என்றேன். யோசனை சொல்லி நாளாகிவிட்டது.

"காட்டுத் தீ மேல் தோலை மட்டும்தான் கெடுக்கும். நான் பலகையோட நடுவுலேர்ந்து எடுத்துப் பார்த்தேன்," என்றாள் ஸ்வெட்டர்.

சித்தி உடைந்த துண்டை வெளிச்சத்தில் காட்டினார். உள்வரைக்கும் இலேசாகச் சிவந்திருந்தது. "அந்தக் கல்லு தரையையே பிளந்துச்சு. இது தூளாயிடுச்சு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளுக்குள்ள பிடிப்பு விட்டுப்போன கல்லு. நீ கீழே போடலைன்னா தெரிஞ்சிருக்காது."

அதாவது கிண்டல் இல்லை. நான் வாழ்க்கையில் முதல்முறையாக உடைத்ததற்காகப் பாராட்டப்பட்டேன்.

"எவ்வளவு சூடும்மா வேணும்?"

"லட்சக்கணக்கான வருஷம் இருந்தா, தண்ணி கொதிக்கற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமே போதும் மேடம். ஒரே சாயங்காலத்துல மொத்தமும் அழியணும்னா அதைப்போல மூணு மடங்குக்கு மேல வேணும். வீட்டு மின்சார அடுப்பெல்லாம் அவ்வளவு தூரம் போகாது."

பக்கத்து அறையில் ஓர் உலை இருந்தது. உலையைப் பார்த்துக்கொள்பவர் அதன்மேல் துண்டை விரித்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இந்த உலை வேலை செய்யுதா?" என்றேன்.

"வேலைன்னா எந்த மாதிரி வேலையைச் சொல்றீங்க?"

"சூடாகுமா?"

"சூடுங்கறது ஆளாளுக்கு மாறுமில்லையா?"

இந்தக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நேரான பதில் ஒன்றுகூட வெளியே வருவதில்லை. சித்தி போய் உலையின் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சிலந்தி, பல தலைமுறையாகக் குடியிருக்கும் தோரணையில், வலையின் நடுவிலிருந்து எங்களை எட்டிப் பார்த்தது. மூடிவிட்டார்.

"கல்லை எங்கம்மா வெச்சிருந்தே?"

ஸ்வெட்டர் நெளிந்தாள். "ரொம்ப கனம் மேடம். அலமாரி தாங்காது. அதனால... கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் கொடுத்து வெச்சிருந்தேன்."

"மலையிலேர்ந்து முதுகு ஒடியத் தூக்கிட்டு வந்த கல்லை!"

"இங்க எல்லாரும் அப்படித்தான் மேடம்."

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். ஜன்னலுக்கு முட்டு ஒரு கல். காகிதம் பறக்காமலிருக்க ஒரு கல். ஆடும் மேஜைக்கு அண்டை கொடுத்து ஒரு கல். நகைக்கடையில் வேலை செய்பவர்கள் நெக்லஸால் ஜன்னலைக் கட்டிவைப்பது மாதிரி.

"நடுவுல சில வாரம் அதைக் காணோம்," என்றாள். "கேட்காத ஆள் இல்லை. அப்புறம் ஒருநாள் பார்த்தா அதே கதவுல இருந்துச்சு. வேற யாரோ அவங்க கதவுக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்து, குச்சி ஐஸை நக்குவது போல ஒரு நக்கு நக்கினாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பழக்கம். ஈரமானா மணிமணியா உள்ளே இருக்கறது நல்லாத் தெரியும். கல் படிச்சவங்க எல்லாருமே நக்குவோம்." சட்டென்று நெற்றியைச் சுருக்கினாள். "உப்புக் கரிக்குது."

சித்தி ஒரு துண்டை என் வாய்க்கு முன்னால் நீட்டினார். சம்பளத்துக்கு வேலை செய்பவன் எதையும் நக்கத்தான் வேண்டும். உப்புதான். ஒரு விரிசலுக்குள் வெள்ளையாக ஏதோ, ஓரமெல்லாம் கருகி, ஒட்டியிருந்தது.

அப்போது டைரக்டர் உள்ளே வந்தார். உயரமானவர், உலகத்தில் கல்லின் சூட்டைப் பற்றி இவரைவிட அதிகம் தெரிந்தவர் இல்லையாம். மாணவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் நாக்கு. கண்ணில் பட்ட கல்லை எல்லாம் நக்கிவிடுவாராம். ஒருமுறை வங்கிக்குப் போனவர் வாசல் தூணை நக்கி, காவலாளியிடம் விளக்கம் சொல்லும்படி ஆகிவிட்டதாம். இடது புருவம் பாதிதான் இருந்தது. பேஷன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"துப்பறியறவங்களைக் கூப்பிடற அளவுக்குப் போயாச்சா?" என்றார் ஸ்வெட்டரிடம். "நாளைக்கு அவங்க முன்னாடி அவமானப்படறதைவிட, இன்னைக்கே நீயா விலகிக்கறது நல்லது."

சித்தி, தரையைப் பிளந்த முதல் கல்லிலிருந்து முன்பே வெட்டி வைத்திருந்த சில்லு ஒன்றை அவர் கையில் கொடுத்தார். டைரக்டர் பேச்சை நிறுத்தாமலே அதை நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அடுத்து, நொறுங்கிய கல்லின் துண்டு ஒன்றைச் சித்தி கொடுத்தார். டைரக்டர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"பார்த்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வண்டியை எடுடா," என்றார் சித்தி.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் சித்தி உட்கார்ந்தால், கூடவே என் வாழ்க்கை மொத்தமும் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். "எங்க மேடம் போறோம்?"

"நேரா போ."

"உலைக்காரர்தானே? மீசையைப் பார்த்தாலே தெரியுது."

"அந்த உலையில சூடு பண்ணியிருந்தா சிலந்தி வாடகைக்கு வேற இடம் பார்த்திருக்கும். வலதுபக்கம் திரும்பு."

"பின்னே யாரு?"

"புதுக் கல்லைப் பார்த்தா அந்த மனுஷனுக்கு நாக்கு தன்னால நீளுது. முதல் சில்லை நக்கினார். ரெண்டாவதை ஏன் நக்கலை?"

"சுத்தமா இல்லைன்னு..."

"வங்கித் தூணை நக்கினவருக்குச் சுத்தம் ஒரு கேடா? ருசி ஏற்கெனவே தெரிஞ்ச கல்லை யாருடா நக்குவாங்க?"

நான் பிரேக் போட்டேன். சித்தியின் மூக்கு என் முதுகில் இடித்தது. அதற்கான தண்டனையை இங்கே எழுதவில்லை.

டைரக்டர் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர் மனைவி. நாங்கள் யார் என்று கேட்பதற்கு முன்னால் உட்காரச் சொல்லிவிட்டார். சில வீடுகளில் இன்னும் அந்த நல்ல பழக்கம் இருக்கிறது. எங்கள் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருகிறோம் என்றார் சித்தி. அது பொய்யில்லை.

பின்பக்கம் கதவு திறந்திருந்தது. தோட்டத்தில் செங்கல்லால் கட்டிய அடுப்பு, குகை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு. பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது.

"அவர் கட்டினதுங்க," என்றார் மனைவி, பெருமையும் சலிப்புமாக. "லீவு நாளானா ரொட்டி சுடறதுதான் வேலை. மூணு மணி நேரம் விறகு எரிப்பார். உள்ளே தலையை விட்டுப் பார்த்து பாதிப் புருவத்தையும் கொடுத்தாச்சு. சாப்பிடுங்க."

ஆளுக்கு ஒரு பெரிய துண்டு வந்தது. மேலே பொன்னிறம். அடியில் வெளுத்துப் பிசுபிசுவென்று இருந்தது.

"அடிப்பக்கம் சரியா வேகலை, மன்னிச்சுக்கோங்க. நடுவுல கொஞ்ச நாள் பிரமாதமா வந்துச்சு. எங்கிருந்தோ ஒரு தட்டைக் கல்லு கொண்டுவந்து உள்ளே போட்டிருந்தார். உப்புப் போட்டுப் பிசைஞ்ச மாவை அது மேல நேரா வெச்சுடுவார். என்னமா பொரிஞ்சு வரும் தெரியுமா! திடீர்னு ஒருநாள் முகமெல்லாம் வெளுத்துப்போய் அதைத் தூக்கிட்டுப் போயிட்டார். ஏன்னு கேட்டா, அது எதையெதையோ பொறுத்ததுன்னார்."

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி ரொட்டியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். டைரக்டர். எங்களைப் பார்த்தார், எங்கள் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், திறந்திருந்த பின்கதவைப் பார்த்தார். அந்த உயரமான உடம்பு அப்படியே ஒரு அங்குலம் இறங்கியது.

சித்தி இப்போது எழுந்து, விரலை நீட்டி, ஒரு முழுப் பக்கம் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. வேகாத மாவு சித்தியின் மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. 'நீ கேள்' என்று கையை ஆட்டினார்.

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம். தொண்டையைச் செருமினேன். "சார், அந்தக் கல்லை இந்த அடுப்புல வெச்சீங்களா?"

"வெச்சதுன்னா... ஒரு கல்லோட வெப்ப வரலாறுங்கறது பல காரணிகளைப் பொறுத்தது. அதுல குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியை மட்டும்..."

"என்ன கல்லு? என்ன விஷயம்?" என்றார் மனைவி.

சொன்னேன். என்னால் முடிந்தவரை சுருக்கமாக. கதவோரம் கிடந்த பலகை, ஒரு மாணவி, நாளைக் காலை, போலி என்ற பழி.

"எந்தப் பொண்ணு? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வருமே, அதுவா?" மனைவியின் குரல் மாறிவிட்டது. "போன தடவை வந்தப்போ ரெண்டு ரொட்டி சாப்பிட்டுட்டு, எங்க அம்மாவுக்கும் ஒண்ணு கொடுப்பீங்களான்னு கேட்டுச்சே?"

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதிப் புருவத்தோடு ஒரு மனுஷன் அழுகிற முகமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கோபப்படவே முடியாது. நான் கோபப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று முயற்சி செய்தேன், வரவில்லை. ஆனால் நாளைக் காலையில் தேர்வாளர்கள் முன்னால் நிற்கப்போகிறவளை நினைத்தேன். அந்த மலையின் கால்பக்கம் தண்ணீருக்குள் கிடக்கிறது. கல்லோ தூளாகிவிட்டது. இவர் வாயைத் திறக்காவிட்டால் அவளுக்கு வேறு சாட்சியே இல்லை. ஜிர்கான் மண்ணாங்கட்டி என்று அவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். எதன்மேலும் சாயவில்லை.

"சார். நான் அதிகம் படிச்சவன் இல்லை. எனக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்லலைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அது எதைப் பொறுத்ததுன்னா..." என்று ஆரம்பித்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கீறல் ஒண்ணுகூட இல்லைன்னு அவ ஓடிவந்து சொன்னா பாருங்க, அந்த நிமிஷமே தெரியும். சும்மா கிடந்த கல்லுன்னு நினைச்சு எடுத்துட்டு வந்தேன். அவளோடதுன்னு தெரிஞ்சதும் திருப்பி வெச்சுட்டேன். கல்லைச் சூட்டுப் பக்கம் கொண்டுபோகாதேன்னு அங்க ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதனால உண்மையைச் சொல்ல வாய் வரலை, போலின்னு பழியை அவ மேல போட்டுட்டேன். கல்லைக் கெடுத்தது நான். நாளைக்கு அவ பேசறதுக்கு முன்னாடி நான் எழுந்து, அதை எல்லார் முன்னாடியும் சொல்றேன்."